இரண்டு முடிச்சு

சென்ற கார்த்திகையில், தண்டலத்தில் என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். ஏழரை–ஒன்பது முகூர்த்தம். விடிய விடிய மழை. மண்டப வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆண்கள் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு கடந்து வந்தார்கள். பெரியவர்களைக் கண்டதும் இறக்கிவிட்டார்கள்.

தாலி கட்டப் பத்து நிமிஷம் இருக்கையில் அக்கா மகள் வந்தாள். ஒரகடம் பக்கம் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மழையிலேயே நடந்து வந்திருக்கிறாள். நீல யூனிஃபார்ம் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர்.

"ஏன்டி, இப்படியேவா வந்துட்ட? போட்டோவுல எப்படி நிப்ப?"

"பரவாயில்ல சித்தி, நான் பின்னாடியே நின்னு பாத்துக்கறேன்."

நின்றாள், அட்சதை போட்டாள், சாப்பிட்டாள். கிளம்பும்போது, "அம்மாகிட்ட குடுத்துடுங்க" என்று கவரை என்னிடம் தந்தாள். வாய் இரண்டு முடிச்சு போட்டு இறுக்கியிருந்தது. வீட்டில் கத்தரிக்கோலால்தான் திறக்க முடிந்தது. உள்ளே இன்னொரு கவர், அதற்கும் இரண்டு முடிச்சு. அதற்குள் செய்தித்தாள் சுற்றி, அக்காவின் முகூர்த்தப் புடவை. கால் ஒடிந்து படுத்திருக்கும் அக்கா, தனக்குப் பதில் மகள் கட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று கொடுத்தனுப்பிய அரக்குப் பட்டு. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எட்டு மணி நேரம் வேலை பார்த்த கை போட்ட முடிச்சு அது. தலை நனைந்தாலும் அந்தப் புடவை நனையக் கூடாது என்று போட்ட முடிச்சு.

சிறுவயதில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாட்டி வீட்டுக்குப் போவோம். அடைமழை பிடித்தால் குழித்தறியில் தண்ணீர் ஊறும். சொம்பால் மொண்டு ஊற்றுவார்கள், மறுநாளும் ஊறும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட வெயில் வேண்டும். அது இல்லையென்றால் தறி ஓடாது, கூலியும் கிடையாது. ஈரக் கையோடு தறிப்பக்கம் போனால் பாட்டி அடிப்பாள். பட்டில் தண்ணீர்த் துளி விழுந்து காய்ந்தால் வட்டமாகத் தடம் நிற்கும். மழையில் நெய்ய முடியாததைத்தான் நாம் கார்த்திகை மழையில் கட்டிக்கொண்டு நிற்கிறோம். இது இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பேகனைப் படித்தோம். மழைக்குளிரில் மயில் நடுங்குகிறதென்று போர்வை கொடுத்த வள்ளல். பல வருஷம் கழித்துப் புறநானூறு புரட்டியபோதுதான் மற்றது தெரிந்தது. அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருக்கிறான். பரணரும் அரிசில்கிழாரும் அவனிடம் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், அவள் துயரைத் தீர்த்துவை என்று கேட்கிறார்கள். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டில் ஒருத்தி கலங்கியது தெரியவில்லை. எனக்கு மயிலின் குளிர்கூடத் தெரியவில்லை. வரவேற்பில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவள் நான். நடுங்கி நின்ற பிள்ளையின் தலையைத் துவட்டத் தோன்றாமல் போட்டோ தோன்றியது.

உடையில் என்ன இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. நல்ல காரியத்துக்கு நல்ல துணி உடுத்துவது அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் இன்றும் நம்புகிறேன். அவளும் அதை நம்பியதால்தானே கவரைச் சுமந்து வந்தாள்? அப்படியானால் மாற்றிக்கொள்ளாமல் ஏன் நின்றாள்? மணப்பெண் அறை நிறைந்திருந்ததாலா, ஈரக்கை பட்டால் கறை விழும் என்றா, இல்லை நான் கேட்ட கேள்வியாலா? மாற்றிக்கொள்ள இடம் கேட்க வாய் திறந்தவளை நான்தான் முந்திக்கொண்டேனோ? பொங்கலுக்கு வந்தபோது எப்போதும்போலத்தான் பேசினாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆல்பத்தில் அவள் இல்லை.

மழைக்காலத்தில் கல்யாணம் வைப்பவர்களே, வாசலில் பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் நாலு துண்டு வையுங்கள். உடை மாற்ற ஓர் அறையைத் திறந்து விடுங்கள். வருகிறவரிடம் முதலில் துண்டை நீட்டுங்கள்.