தவறான வேகத்தில் ஒரு துக்கம்

பல வருஷங்களுக்கு முன், இதைப் போன்ற ஒரு சிறுபத்திரிகையில், யோஸெப் யோவாகிமின் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி எழுதினேன். 1903ல், தம் 72ஆம் வயதில், பெர்லினில் அவர் வாசித்துப் பதிவான ஐந்து பக்கங்களில் ஒன்று அது: தனி வயலினுக்காக பாஹ் எழுதிய ஜி மைனர் ஸொனாட்டாவின் முதல் பகுதி, அடாஜியோ. அதில் முதுமையின் துக்கத்தைக் கேட்டதாக எழுதினேன். வில் தயங்குகிறது, கை தன் தளர்ச்சியை மறைக்க மறுக்கிறது என்றெல்லாம். படித்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் அது பிடித்த கட்டுரை.

நான் கேட்டது தட்டை அல்ல, தட்டிலிருந்து எடுத்த காஸெட்டை. வயலின் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, தம் வாத்தியத்தின் ஜி தந்தியை மீட்டிக் காட்டினார். காஸெட் முழுசாக அரை ஸ்வரம் கீழே இருந்தது. "நீங்க எழுதினது யோவாகிமைப் பத்தி இல்லை, மோட்டாரைப் பத்தி" என்றார்.

விஷயம் எளிது. தட்டு சுற்றும் வேகம் குறைந்தால் ஸ்ருதியும் இறங்கும், காலப்பிரமாணமும் தளரும். ஒன்றை விட்டு மற்றது மாறாது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டு சுமார் 73½ சுற்று சுற்றினால் அரை ஸ்வரம் போய்விடும். வாசிப்பவர் நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாகிவிடுவார். 1903ல் இந்த 78 என்ற எண்ணே நிலைப்பட்டிருக்கவில்லை. ஆகவே அந்தக் காலத்துத் தட்டை இன்று கேட்க வைப்பவர் ஒரு தீர்மானம் செய்தாக வேண்டும். அடாஜியோ எவ்வளவு மெதுவானது என்று பாஹ் எண்ணில் சொல்லவில்லை. அவர் இறந்தது 1750ல், மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1815ல். ஆனால் ஸ்வரங்களை எழுதிவைத்திருக்கிறார். எழுதிய ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு எழுதாத வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஸ்ருதியும் முற்றாக நிச்சயமில்லை. 1885ல் வியன்னாவில் கூடியவர்கள் ஏ ஸ்வரத்துக்கு 435 அதிர்வு என்றார்கள், 1939ல் லண்டனில் கூடியவர்கள் 440 என்றார்கள். இரண்டுக்கும் இடைவெளி அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. என் துக்கம் ஒளிந்துகொள்ள அந்த இடைவெளி போதாது.

கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்த காதுக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தோன்றலாம். நமக்கு ஸா எங்கே வைத்தாலும் தோடி தோடிதான். ஸ்ருதி அரைக் கட்டை இறங்கினால் ராகம் கெடாது. எனக்கு முதலில் உறைக்காமல் போனதற்கும் இதுவே காரணம். ஆனால் இந்த அடாஜியோவின் முதல் கோர்வையில் கீழ் இரண்டு தந்திகளும் விரல் படாமல் திறந்து ஒலிக்கின்றன. ஜி என்பது அங்கே வெறும் பெயரல்ல, வாத்தியத்தின் உடம்பு.

என் கட்டுரைக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். பாவம் கேட்பவனிடம் பிறக்கிறது, படைப்பு வெளிவந்தபின் கலைஞனுக்கு அதில் பாத்தியதை இல்லை, மோட்டார் தந்த துக்கமும் துக்கந்தான். சரி. நான் அழுதது பொய்யில்லை. ஆனால் நான் "இந்த ஒலி" என்று எழுதவில்லை. "இந்த மனிதன்" என்று எழுதினேன். அவன் கையைப் பற்றி, அவன் வயசைப் பற்றி சாட்சி சொன்னேன். 1907ல் இறந்துபோனவரால் மறுப்பு எழுத முடியாது. நோயில் இறந்த கவிஞனின் கடைசிக் கவிதைகளில் நோயைத் தேடிக் கண்டுபிடிக்கிறோமே, அதுவும் இந்தக் காரியந்தான். நம் இரக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது; செத்தவர்கள் வசதியாக இருக்கிறார்கள்.

வேகம் திருத்திய பதிவிலும் யோவாகிம் முழுசாக இல்லை. அப்போது மின்சார ஒலிவாங்கி கிடையாது. ஒரு கூம்பின் வாய்க்குள் வாசித்தார். கூம்பு பிடிக்காத ஓசைகள் போனது போனதுதான். தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. அந்த நெருக்கடி வில்லை விரட்டியதா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீக்க முடியாத பிழையும் நீக்க மனமில்லாத பிழையும் ஒன்றல்ல. முதலாவதற்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவதை, தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டால், அது ரசனை ஆகாது. அவர் பெயரில் நான் போடும் கள்ளக் கையெழுத்து.

இப்போது சரியான வேகத்தில் கேட்கிறேன். அதிர்வு சேர்க்காத நீண்ட ஸ்வரங்கள், அழுத்தமாக உடைபடும் கோர்வைகள். நான் தயாராகுமுன் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. அவர் எதையும் இழந்தவராகத் தெரியவில்லை, வேலையில் இருக்கிறார். இது அதிகம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் பொய். பழைய துக்கம் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே இருக்கிறது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை.

காஸெட்டைத் தூக்கிப் போடவில்லை. அதன்மேல் "அரை ஸ்வரம் கீழே" என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். அச்சான கட்டுரையின்மேல் அப்படி ஒட்ட முடியாது. அதனால் இது.