கல்யாணக் காலையில் மகாலட்சுமியின் கை

ஆரணிக்கு நான் புறப்பட்டது புதுக்காமூர் புத்திரகாமேட்டீஸ்வரரைத் தரிசிப்பதற்காகத்தான். தசரத சக்கரவர்த்தி பிள்ளை வரம் வேண்டி யாகம் செய்த தலம் என்பது ஐதீகம். கமண்டல நாகநதிக் கரையில் அமைதியான கோயில். அர்ச்சனை முடிந்து பிரசாதத்துடன் வெளியே வந்தபோது, சந்நிதியில் என் பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மாள், "இவ்ளோ தூரம் வந்துட்டு தறியப் பாக்காம போறதா? நம்ம வீட்டுக்கு வாம்மா" என்று உரிமையோடு கூப்பிட்டார்.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு எப்படி உருவாகிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான். போனேன். கூடத்தில் குழித்தறி. அவர் கணவர் குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நாடாவுக்குள் வைக்கும் அந்தத் தார் இல்லாமல் ஓர் இழைகூட ஓடாது. ஆனால் கடையில் புடவை வாங்கும் நாம், நெய்தவரைப் பற்றியாவது ஒரு வார்த்தை கேட்போம். தார் சுற்றியவரைப் பற்றிக் கேட்டதுண்டா?

சுவரில் படவேடு ரேணுகாம்பாள் படம். அதன் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கல்யாணப் படம். அதில் மணப்பெண்ணின் முகம் பாதிதான் தெரிகிறது. அரக்குப் பட்டு; பெண் குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொசுவத்தை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மஞ்சள் படிந்த விரல்கள். விரல் ஓரத்தில் இழை அறுத்த பழைய கீறல்கள். அந்தக் கைகளுக்கு உரியவரின் முகம் படத்தில் இல்லை.

"யார் கை, தெரியுதா?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "என் கைதாம்மா. மக கல்யாணம். புடவை நம்ம தறியில நெஞ்சதுதான். ஐந்நூறு போட்டோ புடிச்சாங்க. எனக்கு இது ஒண்ணு போதும்."

அதை எடுத்தது கல்யாண போட்டோகிராபர் இல்லையாம். அவருடைய தங்கை மகள், செல்போனில்!

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேடையில் நின்று பரிசு கொடுப்பவர்கள் பக்கம் பக்கமாக இருப்பார்கள். ஆனால், விடியற்காலையில் பெண்ணின் தலையில் அறுகம்புல்லால் எண்ணெய் தொட்டு வைத்த பாட்டி? ஆரத்தி கரைத்த அத்தை? முகூர்த்தப் புடவையின் முனையில் மஞ்சள் தடவி சுவாமியிடம் வைத்த அம்மா? இவர்கள் எல்லாம் எங்கே? 'கொஞ்சம் நகருங்கம்மா, பொண்ணு மறைக்குது' என்ற குரல் கேட்டு நகர்ந்து போனவர்கள்தானே இவர்கள்!

நம் முன்னோர் தெய்வத் திருமணத்தைப் படம் பிடித்த விதம் வேறு. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால், திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் திருமேனிகளை அவசியம் பாருங்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர் காலத்தில் வார்த்த செப்புத் திருமேனிகள். ஈசன் அம்பிகையின் கரம் பற்றுகிறார். அம்பிகை நாணித் தலை சாய்த்திருக்கிறாள். கன்னிகாதானம் செய்து கொடுக்க மகாவிஷ்ணு நிற்கிறார். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சிற்பி மகாலட்சுமியையும் அம்பிகையின் பக்கத்தில் நிறுத்தினான். வெட்கப்படும் பெண்ணை 'போ, போ' என்று மெல்ல முன்னால் அனுப்புவதுபோல் அவள் கை நீள்கிறது! நம் வீட்டு மன்னிகளும் சித்திகளும் செய்கிற அதே காரியம். அந்தக் கை மணமக்களை மறைக்கிறது என்று சிற்பி நினைக்கவில்லை. அந்தக் கை இருப்பதால்தான் அது கல்யாணமாகத் தெரிகிறது.

கோதை நாச்சியாரும் அப்படித்தான். நாச்சியார் திருமொழியில் தன் கல்யாணத்தைக் கனவாகச் சொல்லும்போது, 'நானும் அவனும் நின்றோம்' என்று ஒரே வரியில் முடிக்கவில்லை. தோரணம் கட்டியது, தீர்த்தம் தெளித்தது, காப்பு கட்டியது, கைவிளக்கும் கலசமும் ஏந்தி இளம்பெண்கள் எதிர்கொண்டது, அம்மி மிதித்தது, பொரி இட்டது என்று பாசுரத்துக்கு ஒரு காட்சி. அவளுக்குக் கோடிப் புடவை உடுத்தி மாலை சூட்டுபவள் யார் தெரியுமா? அந்தரி என்று சொல்லப்படும் துர்க்கை. கண்ணனுக்குத் தங்கை முறை. ஆகவே ஆண்டாளுக்கு நாத்தனார்! அந்த வேலையைச் செய்தவளின் பெயரையும் சொல்லி வைத்தாள் அந்தப் பெண். இன்றும் பல வீடுகளில் நாத்தனார்தான் கூறைப்புடவை கட்டிவிடுகிறார்.

இனி நடைமுறைக்கு வருவோம். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதல் நாள் இரவே வாத்தியாரைக் கேட்டு, காலையில் என்னென்ன சடங்கு, எத்தனை மணிக்கு, யார் செய்வது என்று ஒரு தாளில் எழுதி போட்டோகிராபரிடம் கொடுத்துவிடுங்கள். பாவம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சம்பிரதாயம். அவருக்கு எப்படித் தெரியும்? உறவு முறை தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தியை அவர் பக்கத்திலேயே நிற்க வையுங்கள். 'இவங்க பாட்டி, இவங்க பெரிய அத்தை, இவங்க கையை விட்டுடாதீங்க' என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். தை மாதத்தில் சூரியன் எட்டிப் பார்க்கவே ஆறரை மணி ஆகிவிடும். நாலரை-ஆறு முகூர்த்தம் என்றால் ஜன்னல் வெளிச்சத்துக்கு வழியில்லை. ஆகவே மணமகள் அறையில் இரண்டு குத்துவிளக்கை ஐந்து முகமும் ஏற்றி வையுங்கள். மங்களத்துக்கு மங்களம், வெளிச்சத்துக்கு வெளிச்சம். ஒரு மஞ்சள் பல்பும் எரியட்டும். வெள்ளை விளக்கையும் மஞ்சள் விளக்கையும் சேர்த்துப் போட்டால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் ஒரு நிறம் என்று விழும். மஞ்சள் பூசிக் குளித்த முகத்தின் களையே போய்விடும்.

பட்டுப்புடவை விஷயத்தை ஆரணியில் அந்த நெசவாளரே எனக்கு விளக்கினார். அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதாவது உலோகம். பிளாஷை நேராக அடித்தால் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும்! "பத்து பதினஞ்சு நாள் உக்காந்து போட்ட கரைங்க. படத்துல பாத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது" என்று சிரித்தார். பிளாஷை மேல்கூரையிலோ வெள்ளைச் சுவரிலோ பட்டுத் திரும்புமாறு திருப்பச் சொல்லுங்கள். கரையில் உள்ள அன்னமும் மயிலும் தனித்தனியாகத் தெரியும். ஹோமப் புகைக்கும் இதே வைத்தியம்தான். நேர் பிளாஷில் புகை வெள்ளைத் திரையாகி வாத்தியாரையே மறைத்துவிடும்.

புடவை கட்டும் அறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இப்போதெல்லாம் ஆளுக்கொரு செல்போனுடன் உள்ளே நுழைகிறார்கள். கதவைச் சாத்துங்கள்! எல்லாருடைய போனையும் ஒரு தாம்பாளத்தில் வாங்கி வைப்பதற்கு ஒரு பெரியம்மாவை நியமியுங்கள்; பெரியம்மாக்களை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். புடவையைச் சுற்றி முடித்து, கொசுவமும் தலைப்பும் சரி செய்யும் நேரத்தில் ஒரே ஒரு கேமரா, அதுவும் ஒரு பெண்ணின் கையில், உள்ளே வந்தால் போதும். ஆரணிச் சுவரில் நான் பார்த்த படம் அந்த நேரத்தில் கிடைத்ததுதான்.

கௌரி பூஜை செய்யும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. ருக்மிணி தேவி தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்பிகை கோயிலுக்குப் போனாள் என்கிறது பாகவதம். வயதில் மூத்த சுமங்கலிகள் அவளை அழைத்துச் சென்று பூஜை செய்வித்தார்கள். கண்ணனே கணவனாக வர வேண்டும் என்று அவள் உருகி வேண்டிக்கொண்ட அந்த நேரத்தில் யாராவது 'இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க' என்று கூப்பிட்டிருந்தால்? அந்தப் பத்து நிமிடம் பெண்ணை யாரும் கூப்பிடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். குனிந்த தலை, குங்குமம் எடுக்கும் விரல், விளக்கு... பக்கவாட்டில் நின்று சத்தமில்லாமல் எடுக்கட்டும்.

நேரத்தைப் பற்றி நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த குடும்பம். திங்கட்கிழமை கல்யாணம். ஆறு முதல் ஏழரை முகூர்த்தம். ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம். முகூர்த்தப் புடவை உடுத்திப் பெண் வரும் காட்சியை வீடியோவுக்காக நான்கு தடவை நடக்க வைத்தார்கள். தோழிகள் பூப்போட, திரும்பிப் போய் மறுபடியும் வர... வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெண்ணின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறியபோது மணி 7.27! படங்கள் என்னவோ அற்புதமாக வந்திருந்தன. ஆனால் பெண்ணைப் பெற்றவள் என்னிடம் சொன்னாள்: "அட்சதை போட்டேனான்னுகூட ஞாபகம் இல்லடீ. அந்த நேரம் முழுக்க நான் கடிகாரத்தைத்தான் பார்த்துண்டிருந்தேன்."

முடிச்சுப் போட்டு முடித்த பிறகு, 'சார், இன்னொரு வாட்டி கையை வையுங்க' என்று மாங்கல்யத்தைத் தொட்டு நடிக்கச் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. தவறிப்போனால் தவறிப்போகட்டுமே! அக்னி சாட்சியாக நடந்துவிட்டது. கேமரா சாட்சி இரண்டாம்பட்சம்தான்.

ஆரணியில் விடைபெறும்போது அந்த அம்மாள் வெற்றிலை பாக்கு, குங்குமம் கொடுத்தார். சட்டம் போட்ட படத்தைப் புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்துவிட்டுத் திரும்ப ராட்டையில் உட்கார்ந்தார்.

சென்னை திரும்பியதும் பரணிலிருந்து என் கல்யாண ஆல்பத்தை இறக்கினேன். அம்மா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. மூன்றே படங்களில் இருக்கிறாள். மூன்றிலும் வரிசையில் விறைப்பாக நின்று கேமராவைப் பார்க்கிறாள். நாலாவதாக ஒன்று, ஊஞ்சல் படம். ஓரத்தில் பால் கிண்ணத்தோடு ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது. மணிக்கட்டுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். அந்தக் கையில் இரண்டு நெளி வளையல்.

அதே வளையல்களைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.