அயலார் கற்ற தமிழும் நாம் கற்பிக்குஞ் சைவமும்

சைவ பாடசாலை ஆசிரியர்களாகிய அன்பர்காள்!

பிறசமயம் பரப்ப வந்தாரிடத்து நாம் கற்கத்தக்கது யாதேனும் உண்டோ? உண்டென்பதே அடியேன் துணிபு. அடியேன் மிஷன் பாடசாலையிற் கற்றவன். அங்கே பெற்ற கல்விக்கு நன்றி பாராட்டுகின்றேன். அவர் கொள்கையை ஏற்றேனல்லேன். இரண்டும் மெய்யே.

அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி நிறுவினர். 1847இல் சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் அவர்பால் வந்து சேர்ந்தார். நம்மவரைக் கிறிஸ்தவராக்கலே அவர் கருத்து. அதனை அவர் மறைத்தாரல்லர். ஆயினும் அவர் முயற்சியைச் சிந்திமின்கள். முதலில் ஆங்கிலத்தில் வைத்தியங் கற்பித்தவர், தமிழைக் கற்று, பின்பு தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூலில்லாமையால், மாணாக்கர் துணைக்கொண்டு 4000 பக்கங்களுக்கு மேற்பட்ட வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். உறுப்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழ்ச்சொல் தேடினார். 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னும் அத்தொழிலை விட்டாரல்லர். கற்போன் நெஞ்சிற் புகுதற்கு அவன் மொழியே வாயில் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கிறீன் வந்த அதே 1847ஆம் ஆண்டின் இறுதிநாளிலே, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற்பிரசங்கஞ் செய்தார்கள். பேர்சிவல் பாதிரியார்க்குப் பைபிளைத் தமிழ்ப்படுத்தத் துணைநின்றவர்கள் நாவலரவர்கள். அங்கே கண்ட பிரசங்கம், வகுப்புமுறை, அச்சியந்திரம் என்பவற்றைச் சிவத்தொண்டுக்கு உரியவாக்கினார்கள். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். சிறுவர்க்கு விளங்கும் வசனநடையிற் பாலபாடங்களை இயற்றினார்கள். மிஷனாரைக் கண்டித்தவர்களும் அவர்களே. மிஷனாரிடத்து நல்லன கொண்டவர்களும் அவர்களே.

இனி, நம் நிலை யாது? அடியேன் குற்றத்தையே கூறுகின்றேன். பலவாண்டு தேவாரத்தை மாணாக்கர் ஒப்புவிக்கக் கேட்டு மகிழ்ந்திருந்தேன். ஒருநாள் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, இதன் பொருள் யாது?" என்றான். "முதலிற் பாடமாக்கு" என்று அதட்டி இருத்தினேன். அன்றிரவு உரையைப் புரட்டியபோதே, அப்பொருளை யானும் அறிந்திலேன் என்பது விளங்கிற்று. அச்சிறுவன் மீண்டும் என்னை வினவினானல்லன்.

அன்பர்காள்! கடல்கடந்து வந்தவர் நமது மொழியை வருந்திக் கற்றார். அம்மொழியிலே பிறந்த நாம், நமது திருமுறையின் பொருளைக் கற்க வருந்துகின்றிலேம். நம் பிள்ளைகள் பிறசமயம் புகுந்தால் அரிசியையும் உத்தியோகத்தையும் காரணங் காட்டுகின்றோம். அவை காரணமாதலுமுண்டு. வினவிய பிள்ளைக்கு விடையளியாத ஆசிரியனும் ஒரு காரணமன்றோ?

ஆதலால், நாளைத்தொட்டு ஒவ்வொரு நாளும் ஒரு திருப்பாட்டின் பொருளையேனும் நாம் முன்னர்க் கற்று, பின்னர்க் கற்பிப்போமாக. வினவும் பிள்ளையை அதட்டாது, அருகழைத்து உரைப்போமாக. அறியாததை அறியேமென்று சொல்லி, மறுநாள் அறிந்துவந்து சொல்வோமாக. அதுவே சிவத்தொண்டு.

திருச்சிற்றம்பலம்.