கொடுக்கும் கை

"போன பிறவியில என்ன பண்ணானோ, கண்ணில்லாம பொறந்திருக்கான்." உறவினர்கள் அம்மாவின் முகத்துக்கு நேராகவே இப்படிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வினைப்பயனை நானும் நம்புகிறேன். ஆனால் அது அவரவர் தம் மனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அடுத்தவர் உடம்பைப் பார்த்துத் தீர்ப்பெழுத யாருக்கும் உரிமை இல்லை. என் பார்வை வினையால் போயிருக்கலாம். அலுவலகக் கணினியில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளைப் போட்டுத்தர மறுப்பதோ ஒரு மேலாளர் இன்றைக்கு எடுக்கிற முடிவு.

பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லாதவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் கொடுத்துக் காப்பாற்றினால் போதும் என்றது மனுஸ்மிருதி. பங்கைப் பறித்துக்கொண்டு சோற்றைத் தருமமாக்கிய ஏற்பாடு அது. 1928-இல் ஒரு சட்டம் வந்துதான் அந்த விலக்கைப் பெரும்பாலும் நீக்கியது.

பார்வையற்றோர் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் யார் யாருடைய பிறந்தநாளுக்கோ வடை, பாயசத்தோடு சாப்பிட்டிருக்கிறேன். போட்டவர்கள் நல்லவர்கள், அவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அவர்களில் தொழில் நடத்தியவர்களும் இருந்தார்கள். எங்களில் ஒருவரையாவது வேலைக்கு எடுக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. விருந்தோம்பல், சுற்றம் பேணல், வறியவர்க்கு ஈதல் என்று இல்லறத்தானுக்கு நம் மரபு விதித்த கடமைகள் எல்லாம் உழைத்து ஈட்டிய பொருளால் செய்பவை. வேலையை மறுப்பவர்கள் எனக்கு அறம் செய்யும் வழியையே அடைக்கிறார்கள். என் மனத்தில் ஆறாமல் இருப்பது இதுதான்.

சட்டம் திறந்தது அந்த வழியை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டம் அரசு வேலைகளில் 4 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்கியது. வேலைக்குத் தேவையான நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்றும் சொன்னது. பார்வையற்றவர்கள் நீதிபதியாக முடியாது என்ற மத்தியப் பிரதேச விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பார்வையற்ற ஒருவரின் தாய் எழுதிய கடிதத்தில் தொடங்கிய வழக்கு அது.

தனியார் நிறுவனங்களுக்கு மட்டும் 2016 சட்டம் 5 விழுக்காட்டை இலக்காக வைத்து, ஊக்கச்சலுகை காட்டுவதோடு நின்றுவிட்டது. "மனசு வந்து கொடுக்கணும், கட்டாயப்படுத்தினா அதுல புண்ணியம் ஏது?" என்று பக்திமான்களான நண்பர்களே கேட்கிறார்கள். அவர்களுடைய புண்ணியத்துக்காக ஒருவன் காலமெல்லாம் வாங்குகிறவனாகவே இருக்க வேண்டுமா? அந்த 5 விழுக்காட்டைக் கட்டாயமாக்கச் சொல்லி அரசுக்கு எழுதும் மனுவில் அந்த நண்பர்களிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன்.