ஒரு டம்ளரும் ஒரு கேள்வியும்

நாகபுரியில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. அத்தகைய ஒரு நாளில், மாலை ஆரதி முடிந்தபின் மராத்தியப் பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். கணிப்பொறித் துறையில் பணிபுரிபவள். வணங்கிவிட்டுச் சற்றுத் தயங்கி, ‘சுவாமிஜி, நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு டம்ளர் வாங்குவது தவறா?’ என்று கேட்டாள்.

இரட்டைச் சுவரும் மூடியும் கைப்பிடியும் கொண்ட எஃகு டம்ளர் அது. காலையில் இட்ட பனிக்கட்டி மாலைவரை கரையாது என்கிறார்கள். அவளுடைய தந்தை ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் செல்பேசியில் அதன் விலையைப் பார்த்தவர், ‘நான் 1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 750 ரூபாய்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். ‘திட்டியிருந்தால் வாங்கியிருப்பேன்’ என்றாள் அந்தப் பெண்.

நான் அவளுக்கு டயோஜனிஸின் கதையைச் சொன்னேன். கிரேக்க நாட்டில் எல்லாவற்றையும் துறந்து வாழ்ந்த அந்தத் தத்துவஞானி, ஒரு சிறுவன் கைகளைக் குவித்துத் தண்ணீர் குடிப்பதைக் கண்டு, தன்னிடம் எஞ்சியிருந்த கோப்பையையும் எறிந்துவிட்டார் என்பது அக்கதை. அவள் மரியாதைக்காகச் சிரித்தாள், விடைபெற்றுச் சென்றாள். நல்ல பதில் சொன்னோம் என்ற நிறைவு எனக்கு.

அன்றிரவு மொழிபெயர்ப்பு வேலையில் அமர்ந்திருந்தேன். பதினொரு மணி இருக்கும். எட்டு மணிக்குச் சமையலறையிலிருந்து வந்த தேநீரைச் சூடாகவே ஊற்றிக்கொள்ளக் கை நீண்டபோது அப்படியே நின்றுவிட்டது. என் மேசைமீது இருந்ததும் அதே வகைப் பாத்திரம்தான்! சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் கொடுத்த பிளாஸ்க். அதன் விலையை நான் கேட்டதுமில்லை. அதைத் தூக்கி எறிய நினைத்ததுமில்லை.

டயோஜனிஸைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. பிளேட்டோவின் வீட்டு விரிப்புகளை மிதித்து, ‘பிளேட்டோவின் செருக்கை மிதிக்கிறேன்’ என்றாராம். ‘மற்றொரு செருக்கினால்’ என்றாராம் பிளேட்டோ. தத்துவ வகுப்பில் படித்ததுதான். வேண்டிய நேரத்தில் முதல் கதை நினைவுக்கு வந்தது, இரண்டாவது வரவில்லை.

சரி, கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொள்வோம். இந்தப் பொருள் சொன்ன வேலையைச் செய்கிறதா? செய்கிறது. 1892இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, திரவமாக்கிய வாயுக்களைக் காத்து வைப்பதற்காக இதை உருவாக்கினார். இரு சுவர்களுக்கு இடையிலுள்ள காற்றை அகற்றிவிட்டால் வெப்பம் கடந்து வர ஊடகம் இல்லை. கதிர்வீச்சாக வருவதைப் பளபளப்பான பூச்சு திருப்பியனுப்பிவிடும். கண்ணாடிக்குப் பதில் எஃகில் இதைச் செய்து 1913இல் அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ஸ்டான்லி. ஆக, நாம் விலை கொடுத்து வாங்குவது முக்கியமாக ஒரு வெற்றிடத்தைத்தான்! அந்த வெற்றிடம் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆயிரம் ரூபாய்ப் பாத்திரத்திலும் இருக்கிறது. வெப்பம் பெரும்பாலும் உட்புகுவது வாய் வழியாக. எனவே குறுகிய வாயுள்ள எளிய பிளாஸ்க், அகன்ற வாயும் உறிஞ்சுகுழல் துளையும் கொண்ட விலையுயர்ந்த டம்ளரைவிட நீண்ட நேரம் குளிர்ச்சியைக் காக்கக்கூடும். மீதி மூவாயிரம் எதற்கு என்பதுதான் கேள்வி.

2024 ஜனவரியில் அமெரிக்காவில் இளஞ்சிவப்பு நிற ஸ்டான்லி டம்ளருக்காக மக்கள் விடியுமுன்பே கடை வாசல்களில் காத்திருந்தார்கள். அவர்களில் பலரிடம் ஏற்கெனவே வேறு நிறங்களில் அதே டம்ளர் இருந்தது. இந்தப் பொருளின் தனிச்சிறப்பே பல்லாண்டு உழைப்பது. ‘பிளாஸ்டிக் குவளைகளைத் தவிர்க்கிறேன்’ என்று நியாயம் சொல்லவும் அந்த ஆயுளே ஆதாரம். மூன்றாவது டம்ளர் வீட்டுக்குள் நுழையும்போது அந்த நியாயம் வெளியேறிவிடுகிறது. அங்கே தாகம் தண்ணீருக்கு அல்ல.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அந்தத் தந்தையின் வாக்கியம். விதர்ப்பத்தின் கோடையில் தண்டவாளத்தில் நாள் முழுவதும் நடந்தவர் அவர். முன்பு வட இந்தியாவில் பயணிகள் கித்தான் துணியால் செய்த ‘சாகல்’ என்ற தண்ணீர்ப் பையை ரயில் ஜன்னலில் தொங்கவிடுவார்கள். துணியில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிரும். நாகபுரியின் வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் அவ்வளவாகச் செய்யாது. எப்படியும் அது ஓரளவு குளிர்ச்சிதான். வெயிலில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குக் குளிர்ந்த நீர் ஆடம்பரமா? அவருக்கு இந்த டம்ளர் ஒரு கருவி. விந்தை என்னவென்றால், அத்தகையோரில் பலரால் அதை வாங்க இயலாது; வாங்க இயன்றவர்களின் டம்ளர்களில் பல, பத்தடி தூரத்தில் குளிர்ந்த நீர் கிடைக்கும் குளிரூட்டப்பட்ட அறைகளில் இருக்கின்றன.

அவர் சொன்னதைச் சிக்கனத்தின் குரலாகவே நான் எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மகளுக்கு நாலாயிரம் என்பது ஒரு நாள் சம்பளமாக இருக்கலாம். அதைத் தம் உடல் அறிந்த அளவுகோலால் அளந்து பார்த்திருக்கிறார் அவர். அந்த அளவுகோல் அந்த வீட்டில் இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். அது குற்றவுணர்ச்சியைத் தூண்டுவதற்காகச் சொல்லப்பட்டதல்ல. ஆனால் அதைக் கேட்டுவிட்டபின் கேட்காததுபோல் இருக்க அவளால் இயலவில்லை. அது நல்ல மனம். அந்த மனத்துக்குத்தான் நான் ஒரு கிரேக்கக் கதையைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் அவளுக்கு மின்னஞ்சல் எழுதினேன். டயோஜனிஸைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், என் மேசைமீதுள்ள பிளாஸ்க்கைப் பற்றியும் முதலில் எழுதினேன். ‘இந்த வேலையைச் செய்யும் பாத்திரம் உன்னிடம் இல்லையென்றால் ஒன்று வாங்கிக்கொள், தவறில்லை. ஆயிரம் ரூபாயில் கிடைப்பதே போதும். வாங்குமுன், தண்டவாளத்தில் வேலை செய்த நாட்களில் எதில் தண்ணீர் எடுத்துச் சென்றார் என்று அப்பாவிடம் கேள்’ என்று முடித்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அச்சிட்டால் இரண்டு பக்கம் இருக்கும். அப்பாவின் தகர டப்பா, அதைச் சுற்றிக் கட்டிய ஈரச்சாக்கு, வழியில் தண்ணீர் தந்த கேட்மேன், ஒரு ஜூன் மாதம் மயங்கி விழுந்த அவருடைய கூட்டாளி என எல்லாம் அதில் இருந்தன. டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.