முக்கால் மணி நேரத்தின் விலை

நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் முதல் வெள்ளிக்கிழமைகளில், நம் பங்கில் ஒரு வீட்டுக்கு மட்டும் நேரம் பார்த்தே செல்ல வேண்டியுள்ளது. காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பின், அதன் ஆற்றல் குன்றுவதற்கு முன் வந்துவிட வேண்டும் என்பது அவ்வீட்டுப் பெரியவர் நமக்கு இட்டிருக்கும் கட்டளை. அவ்வேளையில் அவர் தாமே எழுந்து நின்று, கைகளை நீட்டி நற்கருணை பெறுவார். ஒரு மணி நேரம் பிந்திவிட்டாலோ, அதே மனிதர் நாற்காலியில் உறைந்திருப்பார். விழிகள் மட்டுமே நம்மை வரவேற்கும்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் எழுதி வைத்த நோய் இது. மூளையில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் மடிவதால் உடலின் அசைவு தளர்கிறது. 1960-களில் வழக்கத்துக்கு வந்த லெவோடோப்பா அக்குறையை ஈடுசெய்கிறது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு வேளை மாத்திரைக்கும் மறு வேளை மாத்திரைக்கும் இடையே உடல் முடங்கும் நேரம் நீள்கிறது.

அந்நேரத்தைக் குறைக்க வந்த துணை மருந்துகளுள் ஒன்று இஸ்ட்ராடெஃபிலின். இது டோப்பமினைப் பெருக்குவதும் இல்லை, அதுபோல் நடிப்பதும் இல்லை. அசைவுக்குத் தடைபோடும் அடினோசின் என்னும் வேதிப்பொருளின் வேலையை மறிக்கிறது. மாடு களைத்துவிட்ட வண்டியில், மாட்டை அடிக்காமல் சக்கரத்தை அழுத்தும் கட்டையைத் தளர்த்துவது போன்றது. (நாம் காலையில் அருந்தும் காப்பியும் ஒருவகையில் இவ்வேலையைத்தான் செய்கிறது, இம்மருந்து காஃபினுக்கு உறவுமுறை.) லெவோடோப்பாவோடு சேர்த்தே இதை உட்கொள்ள வேண்டும், தனித்து அன்று.

ஜப்பான் 2013-இல் இதனை ஏற்றது. 2008-இல் மறுத்த அமெரிக்கா 2019-இல் ஒப்புதல் தந்தது. ஐரோப்பிய மருந்து முகமையோ 2021-இல் மறுத்தது: எட்டு ஆய்வுகளில் நான்கில் மட்டுமே பயன் தெரிந்தது, அளவைக் கூட்டியும் பயன் கூடவில்லை. பயன் தெரிந்த ஆய்வுகளிலும், போலி மாத்திரை பெற்றோரைவிட நாளொன்றுக்குக் குறைந்த முடக்கம் ஏறக்குறைய முக்கால் மணி நேரமே.

முக்கால் மணி நேரம் அற்பமா? நடமாடும் மனிதர் கூடி, நடமாட இயலாதவரின் நேரத்தை அளப்பது என்ன நியாயம் என்று கேட்கவே நம் மனம் முதலில் துடித்தது. பின்னர் நம்மை நாமே கடிந்துகொண்டோம். 2001-இல் கனடா ஆய்வாளர்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு: மருந்தில்லா ஊசியைப் பெற்ற பார்க்கின்சன் நோயாளரின் மூளையிலும் டோப்பமின் சுரந்தது. நலம் வரும் என்ற எதிர்பார்ப்பே அதைச் சுரக்கச் செய்தது! நம்பிக்கைக்கு இத்துணை ஆற்றல் இருக்கும்போது, அதை விலைக்கு விற்பதும் எளிதன்றோ? ஆகவே கண்டிப்பாக எண்ணிப் பார்ப்போரைக் கல்நெஞ்சர் எனல் தவறு.

எனினும், மருந்து பயன் தருமா என்பது வேறு. அப்பயன் அதன் சுமைக்குத் தகுமா என்பது வேறு. முன்னதற்கு அறிஞர் விடையளிக்கலாம். பின்னதற்கு? தன்னையோ பிறரையோ கடுஞ்சுமைக்கு உள்ளாக்காத வழிகளையே நாடக் கடமை உண்டு என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் மருத்துவர்களிடம் கூறியதைக் குருமடத்தில் பயின்றோம். அது உயிர்காப்பைப் பற்றிய போதனை. இம்மருந்தோ ஆயுளை நீட்டுவதன்று. ஆனால் சுமையை எடைபோடும் முறை இங்கும் பொருந்தும். பணச் செலவு, உறக்கமின்மை, சிலருக்கு இல்லாததைக் காணும் மயக்கம், கட்டுக்கடங்காத அசைவுகள் ஆகியவற்றை ஒரு தட்டில் வைக்கலாம். நோயாளர் ‘வேண்டாம்’ என்றால் அதில் பாவமில்லை.

நமக்கு அச்சமூட்டுவது வேறொன்று. ‘இந்த வயதில் இவருக்கு முக்கால் மணி நேரம் எதற்கு?’ என்று வீட்டார் கேட்கும் கேள்வி. அங்கே தட்டில் வைக்கப்படுவது மருந்தின் சுமை அன்று, மனிதர்.

சென்ற முறை அப்பெரியவரிடமே கேட்டோம்: நாளுக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? நெடுநேரம் எண்ணினார்.

“சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்வேன், சாமி. அவள் அவசரத்தில் கழுத்துப் பொத்தானை இறுக்கிவிடுகிறாள்.”

அடுக்களையிலிருந்து அவருடைய துணைவியார் வந்து, ஒன்றும் பேசாமல், அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் போனார்.