வடக்கு வாசல்

அடையாறில் ஒரு தோழியின் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பெண்கள் கூடியிருந்தோம். ஆற்றங்கரைக் குடியிருப்புக் குழந்தைகளுக்கு வயலின் வகுப்பு தொடங்குவது பற்றிப் பேச்சு. இருவர் வயலின் வாசிப்பவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் கணக்கு வழக்கு பார்ப்பவர். நான் தமிழ் கற்பிப்பவள். இசையைக் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அரை அளவிலும் முக்கால் அளவிலுமாகப் பழைய வயலின்கள் எட்டு கிடைத்திருந்தன. கற்க விரும்பிய குழந்தைகளோ முப்பதுக்கு மேல். "சுருதியோடு பாடச் சொல்லிப் பார்ப்போம். காது உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம்" என்றார் ஒருவர். நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் தலையாட்டினோம்.

வீடு திரும்பும்போதுதான் உறுத்தியது. சிறுவயதில் மயிலாப்பூரில் ஒரு மாமியிடம் நான்கு வருடம் வீணை கற்றேன். சுமாராகக்கூட வாசிக்க வரவில்லை. யாரும் என் காதைச் சோதிக்கவில்லை. அப்பா மாதம் தவறாமல் சம்பளம் கட்டினார். அந்த வீணை இன்றும் அம்மா வீட்டில் உறை போட்டு அலமாரியின் மேல் கிடக்கிறது. அதனால் என்ன பயன் என்று இதுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை.

வசதியுள்ள வீட்டுக் குழந்தை இசை கற்றால் அதற்கு ரசனை என்று பெயர். ஏழை வீட்டுக் குழந்தை கற்றால் முன்னேற்றம். முதலாமவள் பாதியில் விடலாம், அபசுரமாக வாசிக்கலாம், மறந்தும் போகலாம். இரண்டாமவள் திறமையைக் காட்ட வேண்டும், ஆண்டு விழாவில் மேடையேற வேண்டும், வாழ்க்கை மாறியது என்று நன்றியோடு சொல்லவும் வேண்டும். பயனற்றதைக் கற்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? எனக்கு எழுந்த கேள்வி இதுதான்.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1975-இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்தெமா' ஏழைக் குழந்தைகளின் கையில் வயலினையும் செல்லோவையும் கொடுத்தது. உலகின் பல நகரங்கள் அந்த வழியில் நடந்தன. நம் நகரத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் நிறுவிய கே.எம். இசைக்கல்லூரியை ஒட்டி உருவான 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' வசதியற்ற குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. 2015-இல் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்திய விழா, சபா இசையை மீனவர் தெருவுக்குக் கொண்டுவந்தது. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இசையை 'மீட்பு' என்று அழைக்கத் தொடங்கியதும் குழந்தை கடனாளி ஆகிவிடுகிறாள். அதுதான் எனக்குப் பயம்.

வகுப்பில் பெரியபுராணம் நடத்தும்போதெல்லாம் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதையில் நான் தடுக்கி நிற்பேன். மதுரைக் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று யாழ் வாசிக்கிறார். அவரை உள்ளே அழைத்து வருமாறு இறைவன் அடியார்களின் கனவில் சொல்கிறான். தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளரும் என்று பலகை இடவும் சொல்கிறான். திருவாரூரிலும் அவர் வெளியேதான் நிற்கிறார். அங்கே அவருக்காக வடக்கில் தனி வாயில் ஒன்று வகுக்கப்படுகிறது. சேக்கிழார் அதை அருள் என்கிறார். எல்லோரும் நுழையும் வாயிலில் பாணர் ஏன் நுழையவில்லை என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. திறமைத் தேர்வு, தனி மேடை, தனிக் கைதட்டல் என்று நாங்கள் திட்டமிட்டதும் ஒரு வடக்கு வாசலோ?

வயலினே வெளியிலிருந்து வந்த வாத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றவர்கள் கையில் எடுத்ததும் அது நேர்வாசலில் நுழைந்துவிட்டது. மரத்துக்குக் கிடைத்த வரவேற்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கும் தாமதமாகவே கிடைத்தது. 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை ஒரு பெண் வயலின் கலைஞர், ஏ. கன்யாகுமரி, முதன்முறையாகப் பெற்றது 2016-இல்.

யாழ்ப்பாணரோடு ஊர் ஊராக நடந்து பாடிய மனைவி மதங்கசூளாமணி. நாயன்மார் அறுபத்து மூவரில் அவர் இல்லை. பிற்காலத்தில் தேவாரத்துக்குப் பண் தெரியாமல் திகைத்தபோது, எருக்கத்தம்புலியூரில் அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் வகுத்துத் தந்தாள் என்கிறது திருமுறைகண்ட புராணம். அவள் பெயரை அது சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் சொன்னேன்: சீட்டுக் குலுக்கிப் போடுவோம். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். எட்டுச் சீட்டில் ஆறு பெண்கள். எல்லோரையும்விடச் சுருதி சுத்தமாகப் பாடிய பையனுக்குச் சீட்டு விழவில்லை. காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுதினோம்.

மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. தண்ணீர் லாரி வந்தால் பெண்பிள்ளைகள் மட்டும் வில்லை வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். ஒருத்தி தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே வருவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. சரளி வரிசையைவிடக் கானா பாட்டில்தான் ஆசை. கை கொஞ்சம் முரடு. அவள் பெரியவளானதும் வருவது நின்றது. அம்மாவைப் பார்க்கப் போனோம். "பொம்பளப் புள்ள டீச்சர். பசங்க எதிர்ல கால நீட்டி உக்காந்தா அக்கம்பக்கத்துல சும்மா இருப்பாங்களா?" வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். அந்த உட்காருதலில் இத்தனை சிக்கல் இருக்கிறது என்று எங்கள் திட்ட அறிக்கையில் எழுதியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தோளில் வைத்து வாசிக்கலாம் என்று ஆசிரியை இறங்கிவந்தார். அவளும் திரும்பி வந்தாள்.

அன்று அந்த வீட்டில் வயலினைத் தேடினேன். ஒற்றை அறை, சுவரோரம் மழை ஈரம். உத்தரத்தில் தம்பிக்குக் கட்டியிருந்த புடவைத் தூளியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. "கீழ வெச்சா கம்பி துருப்புடிக்கிது டீச்சர்" என்றாள். மதுரையில் பாணருக்கு இட்ட பலகை நினைவுக்கு வந்தது. இங்கே அதை இட யாரும் வரவில்லை. அவளே இட்டுக்கொண்டாள்.

சில மாதங்களில் கரையோர வீடுகளை அகற்றினார்கள். அவள் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. அங்கிருந்து வகுப்புக்கு வர முடியாது. வயலின் வகுப்புக்குச் சொந்தம் என்பது விதி. "அங்கே சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அவள் வாசிக்கப்போவதில்லை. இங்கே அந்தப் பையன் காத்திருக்கிறான்" என்றார் தோழி. அவர் சொன்னதில் பிழையில்லை. நான் என் வீணையைப் பற்றிச் சொன்னேன். வாசிக்காமல் அலமாரியின் மேல் போட்டுவைக்கும் உரிமை எனக்கு இருந்தது. அவளுக்கும் இருக்கட்டும் என்றேன். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வயலின் அவளோடு போனது.

அந்தப் பையன் இப்போதும் வகுப்பு நாள்களில் வந்து வாசலில் உட்கார்ந்து கேட்கிறான். எட்டாவது வயலினுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவனைக் கடந்து உள்ளே போகும்போது எனக்குக் கால் கூசுகிறது.